வெயிலில் காயவைத்த நான்கு பற்றரிகள்

“தாங்கள் அனுப்பிய ஒலிப்பதிவு நாடா கிடைத்தது. பாடலைப் பாடிய சிறுமியின் குரல் துடிப்பாக உள்ளது. எமது சிறுவர் நிகழ்ச்சியில் இதனை ஒலிபரப்ப விரும்புகிறோம். இத்துடன் உள்ள படிவத்தில் சிறுமியின் பெயர், வயது ஆகியவற்றை நிரப்பிப் பாதுகாவலரின் கையொப்பத்துடன் அனுப்பிவைக்கவும். பாடலுக்கு முன் அறிவிப்புச் செய்த சிறுவனின் விபரங்களையும் குறிப்பிடவும். அவனுடைய உச்சரிப்புப் பாராட்டத்தக்கது. எனினும் அவன் சற்று நீளமாகப் பேசுகிறான்.”

கொழும்பு வானொலி நிலையத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் இது. என் பச்சைக் கோப்பில் இன்றும் இருக்கிறது. வலது மேல் மூலையில் திகதி அடித்திருந்தார்கள். அந்த இடத்தின்மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்ததில் ஆண்டு அழிந்துபோயிற்று. நான் அப்போது தங்கியிருந்த வீட்டில் தேநீர் குடித்தவன் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் முற்பகுதி என்பது மட்டும் நிச்சயம்.

சிறுமியின் பெயர் லெட்சுமி. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. நீளமாகப் பேசிய சிறுவன் நான். எனக்கு முப்பத்தெட்டு. முன்தலை வழுக்கை விழத் தொடங்கி, மூலவியாதிக்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்த பருவம்.

திகதிக் காய்ச்சல்

இத்தொடரை வாசித்து வருபவர்களுக்கு என் வியாதி தெரியும். சென்ற வாரம் குளக்கட்டு உடைந்த கதையில் செவ்வாய்க்கிழமை என்று எழுதிவிட்டு, அது புதன்கிழமை என்று பத்திரிகை ஆசிரியருக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். வாசகருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

என்னிடம் பதினாறு டயரிகள் இருந்தன. இடம்பெயர்வுகளில் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் மூன்றைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டு, புதைத்த இடத்தை அளந்து நான்காவது டயரியில் குறித்துவைத்தேன். அந்த நான்காவதைத்தான் முதலில் தொலைத்தேன்.

மிஞ்சியது பச்சைக் கோப்பு. அதற்குள் மேற்படி கடிதம், கடிதங்கள் அனுப்பும் பதிவேட்டின் ஒரு பக்கம், டயரியிலிருந்து கிழிந்த நாலைந்து தாள்கள். இந்த அத்தியாயத்தை அவற்றைக்கொண்டே எழுதுகிறேன். திகதிகளை எதிர்பார்க்கும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களைவிட எனக்குத்தான் வலி.

துரை விட்டுப்போன பெட்டி

கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு குளத்தடியில் இருந்த நீர்ப்பாசனக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். கந்தோருக்குப் பக்கத்தில் வந்துபோகும் பொறியியலாளர்களுக்கென ஒரு பங்களா. அதன் ஓர் அறையில் நானும் தங்கியிருந்தேன். லெட்சுமி அங்கே சமையல் வேலை செய்தாள்.

அவள் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயத்து வரிசை வீடு எரிந்தபின் சித்தப்பா குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிய காணியில் குடியேறினாள். காலையில் வந்து மாலை நாலு மணிக்குப் போய்விடுவாள்.

அந்தப் பங்களாவில் நாங்கள் துரை என்று அழைத்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் எட்டு மாதம் தங்கி, மதகுகளை அளந்துகொண்டிருந்தார். சாப்பிடும்போது அவருக்குப் பாட்டு வேண்டும். பெரிய கசெற் பெட்டியொன்றை மேசைக்கு நடுவில், சோற்றுக் கோப்பைக்கும் பருப்புக்கும் இடையில் வைத்திருப்பார். ஆபிரிக்க ஊதுகுழல்கள், அமெரிக்க டிஸ்கோ, கரீபியன் தீவுகளின் பாட்டுகள். கடைசி வகையில் கித்தார் அடி விழவேண்டிய இடத்தில் விழாது, பக்கத்து வீட்டில் விழும். ஊருக்குப் போகும்போது பெட்டியையும் கசெற்றுகளையும் கந்தோருக்கு விட்டுப்போனார். நான் அவற்றைப் பொருட்பட்டியலில் பதிந்து, என் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பாட்டுகளை மட்டும் பூட்ட முடியவில்லை. எட்டு மாதமும் குசினியிலிருந்து லெட்சுமி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒருநாள் மத்தியானம் கந்தோரிலிருந்து வருகிறேன், குசினியில் சம்பல் அரைபடுகிறது. அம்மிக் குழவியின் இழுப்புக்கு அவள் ஸ்வரம் பாடுகிறாள். கட்டைக் குரல், ஆண்பிள்ளைக் குரலுக்குக் கொஞ்சம் மேலே. தோட்டத்துக் கோயிலில் பஜனை நடத்திய ஒருவர் ஆர்மோனியம் வைத்துச் சரளியும் ஜண்டையும் சில கீர்த்தனங்களும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஸ்வரங்கள் துரையின் தீவுப் பாட்டுத் தாளத்தில், அடியைத் தவறவிட்டுத் தவறவிட்டு வந்தன. குசினி வாசற்படியில் யோசேப்பு கித்தாருடன் இருந்தான்.

யோசேப்பு எங்கள் ஜீப் சாரதி. முள்ளிவாய்க்கால் கரைக்காரன். கலியாண வீடுகளில் பைலாப் பாட்டுக்குக் கித்தார் அடித்துப் பழகிய கை.

“இது என்ன சங்கீதம்?” என்று கேட்டேன்.

“பாதி எங்க கோயில்லதுங்க. பாதி தொர பெட்டியில உள்ளது,” என்றாள்.

“ரெண்டையும் கலக்கக் கூடாது, லெட்சுமி.”

“புளியும் தேங்காப்பாலும் கலந்துதானேங்க கொழம்பு வைக்கிறேன். ரெண்டு தரம் ஊத்திச் சாப்புடுறீங்க.”

யோசேப்பு கித்தாரைக் கீழே வைத்தான். “கிளாக்கர் ஐயா, சாப்பாட்டிலை வந்து நிண்டிட்டாள். இனி நீங்கள் கதைக்கேலாது.”

நான் கை கழுவப் போனேன்.

என்னுடைய பொப் இசை

கலக்கக் கூடாது என்று நான் சொன்னதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் நாலு வருஷம் சங்கீதம் படித்தேன். மூன்றாம் தரப் பரீட்சையில் இரண்டாம் முறை சித்தியடைந்தேன். பிறகு பொப் இசைக் காலம் வந்தது. ஊருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு டிரம் செற், பாடகருக்கு முழங்காலுக்குக் கீழே விரியும் காற்சட்டை. எனக்கும் ஆசை வந்தது. கல்யாணி ராகத்தை டிஸ்கோ முறையில் பாடலாம் என்று எனக்குத் தோன்றியது. வேறு எவருக்கும் தோன்றவில்லை.

எழுபதுகளின் கடைசியில் சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் பாடினேன். புதுக் காற்சட்டை. பாட்டின் நடுவில் அதன் விரிந்த ஓரம் மைக் வயரில் சிக்கியது. நான் ஒரு சுற்றுச் சுற்றியதும் வயர் கழன்றது. சத்தம் நின்றது. சனம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டல் பாட்டுக்குத்தான் என்று சில வருஷம் நம்பியிருந்தேன். யோசேப்பும் அன்று அங்கே இருந்திருக்கிறான். “வயர் கழண்டதுக்குத்தான் தட்டினவை,” என்று பிறகு ஒருநாள், கேட்காமலே சொன்னான்.

குசினியில் லெட்சுமி பாடியது, நான் மேடையில் செய்ய நினைத்தது. அவள் அதைச் சம்பல் அரைத்தபடி செய்தாள். எனக்குப் பொறாமை. அதற்கு அன்று ‘மரபு’ என்று பெயர் வைத்திருந்தேன்.

பாக்கியம்

சில நாள் கழித்துத் தேநீரை மேசையில் வைத்துவிட்டு லெட்சுமி போகாமல் நின்றாள்.

“ஐயா, கொழும்பு ரேடியோ இந்தியாவுல கேக்குமாங்க?”

“நல்லாக் கேக்கும். இங்கை கேக்கிறதைவிட நல்லாக் கேக்கும்.”

“அதுல நம்மள மாதிரி ஆளு பாடுனா போடுவாங்களா?”

அப்போதுதான் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னாள். பாக்கியம் அவளுடைய அக்கா. பிரஜாவுரிமை ஒப்பந்தத்தில் கணவனின் வீட்டாரோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். தலைமன்னாரில் அவள் கப்பல் ஏறும்போது லெட்சுமிக்குப் பதினொரு வயது. கொடுத்துவிட்டுப் போன விலாசம் ஒரு முகாமுடையது. போட்ட கடிதங்கள் மூன்றும் திரும்பி வந்தன. பிறகு அப்பா இறந்தார். பிறகு லயம் எரிந்தது. அக்கா எழுதியிருந்தாலும் அது தோட்டத்துக்குத்தான் போயிருக்கும். அங்கே வாங்குவதற்கு ஆள் இல்லை.

“அப்பா செத்தது அவளுக்குத் தெரியாதுங்க. நான் இருக்கேனான்னும் தெரியாது. ஆனா ரேடியோ இல்லாம அவ இருக்கமாட்டா. இங்க இருக்கப்பவே பக்கத்து லயத்து ரேடியோவுக்குக் காது குடுத்துக்கிட்டுத்தான் துணி தொவைப்பா.”

என்ன பாட்டுப் பாடப்போகிறாய் என்று கேட்டேன். அப்பா கட்டிய பாட்டு என்றாள். அவர் தோட்டத்தில் தப்பு அடிப்பவர். இரண்டு மகள்மாரையும் கிண்டல் பண்ணக் கட்டியது.

*மேட்டு லயத்து மாடத்துல ரெண்டு வெளக்கு ஏத்தி வச்சேன்*
*பெரிய வெளக்கு பேசாது, சின்ன வெளக்கு தூங்காது*

“இந்தப் பாட்டு ஒலகத்துல மூணு பேருக்குத்தாங்க தெரியும். ஒருத்தர் இல்ல,” என்றாள்.

அந்தப் பாட்டை முன்னும் பின்னும் ஸ்வரங்களால் கட்டி, நடுவில் துரையின் தீவுத் தாளத்தை விட்டு அவள் பாடிக்காட்டினாள். வெறும் தப்புப் பாட்டாக அனுப்பினால் வானொலியில் எடுக்கமாட்டார்கள், புதுசாக இருந்தால் எடுப்பார்கள் என்று அவளும் யோசேப்பும் ஏற்கெனவே கதைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு என்னிடம் தேவைப்பட்டது அலுமாரிப் பூட்டின் திறப்பு மட்டுந்தான்.

நான் அதை ஒலிப்பதிவுப் பொறுப்பாளர் பதவியாக எடுத்துக்கொண்டேன்.

சுளகில் மிளகாயும் பற்றரியும்

கசெற் பெட்டிக்கு நான்கு பெரிய பற்றரி வேண்டும். அந்த மாதம் பட்டினத்துக் கடைகளில் பற்றரி இல்லை. அடுத்த கிழமை லொறி வரும் என்றார்கள். அடுத்த கிழமையும் அதையே சொன்னார்கள்.

வன்னியில் அப்போது பழைய பற்றரியை யாரும் எறிவதில்லை. வெயிலில் காயவைத்தால் இழந்த உயிரில் கொஞ்சம் திரும்பும். எல்லா வீட்டு முற்றத்திலும் பனங்கிழங்கு ஒடியலுக்கும் வடகத்துக்கும் பக்கத்தில் இரண்டு பற்றரி கிடக்கும். கந்தோர் டோச் லைற்றில் இருந்த நான்கையும் எடுத்து லெட்சுமி மிளகாய் காயப்போடும் சுளகில் வைத்தேன். மூன்று நாள் காய்ந்தன. மணிக்கொரு தரம் கந்தோரிலிருந்து வந்து உருட்டிவிட்டேன். விரலில் ஒட்டிய மிளகாய்த் தூளோடு கண்ணைக் கசக்கிய விபரமும் டயரியில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை முற்பகல் உரக்களஞ்சியத்தில் பதிவு. களஞ்சியம் வெறுமையாக இருந்தது. எதிரொலி நல்லது என்று நான்தான் தெரிவுசெய்தேன். யூரியா நெடி மூக்கைக் குத்தியது. தகரக் கூரைக்குக் கீழே சட்டை முதுகில் ஒட்டியது. லெட்சுமி பால்மாத் தகரப் பேணியொன்றைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். யோசேப்பு உரமூட்டை அடுக்கும் பலகையில் உட்கார்ந்தான்.

பாட்டுக்கு முன் நான் ஓர் அறிவிப்புச் செய்வதாக ஏற்பாடு. யாரும் கேட்காத ஏற்பாடு. பின்னால் வரும் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று எழுதி வைத்திருந்தேன். கிழமை, திகதி, திதி, நேரம், இடம், குளத்தின் அன்றைய நீர்மட்டம், களஞ்சியத்துக்குள் வெப்பநிலை, பாடுபவர், கித்தார் வாசிப்பவர், இராகம் ஆனந்தபைரவி, தாளம் ஆதி ‘சற்று மாறுபட்டது’, கடைசியாக ஒலிப்பதிவு செய்பவரின் பெயரும் அவர் சித்தியடைந்த பரீட்சையும். வாசித்து முடிக்க மூன்று நிமிடம். லெட்சுமியின் பாட்டு நாலு நிமிடம்.

முதல் தடவை பாட்டின் நடுவில் மயில் அகவியது. நாடாவைப் பின்னால் சுற்றி, அறிவிப்பிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் தடவை உழவு மெசின். மூன்றாம் தடவை நானே நிறுத்தினேன். சப்தமி என்று வாசித்துவிட்டேன், அந்த நேரத்துக்கு அட்டமி பிறந்துவிட்டது.

“கிளாக்கர் ஐயா,” என்றான் யோசேப்பு, “இதைக் கேக்கப்போறது சனமோ, சாத்திரியோ?”

“பிழையான தகவல் போகக் கூடாது.”

“பாட்டை மட்டும் எடுங்கோவன். தகவலைத் தபாலட்டையிலை எழுதி அனுப்புவம்.”

நான் கேட்கவில்லை. நாலாம் தடவை யூரியாவுக்கு யோசேப்பு தும்மினான். ஐந்தாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. லெட்சுமி கண்ணை மூடி, பேணியை விரல் நுனியால் மட்டும் தட்டிப் பாடினாள். ‘சின்ன வெளக்கு’ என்ற இடத்தில் குரலைக் கீழே இறக்கி அங்கேயே கொஞ்சம் நின்றாள். அந்த நிற்பில் கித்தார் ஒருமுறை தனியாக விழுந்தது. வெளியே மயிலும் பேசாமல் இருந்தது.

கோப்புக்கு ஒரு பிரதி வேண்டுமென்று இன்னொரு கசெற்றிலும் அறிவிப்பிலிருந்து முழுதாகப் பாடவைத்தேன். இரண்டையும் போட்டுக் கேட்டோம். அச்சொட்டாக எங்கள் குரலாகவே இருந்தது. “நான்தாங்க,” என்றாள் லெட்சுமி, வேறு யாரோ என்று நாங்கள் சொன்னதுபோல.

புதுப் பற்றரி

கடிதம் வந்தபோது நான் அதை மூன்று தரம் வாசித்தேன். சிறுமி என்பது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்று தோன்றியது. சிறுவன் என்பதைத் தட்டச்சுப் பிழை என்று சொல்ல முடியவில்லை.

யோசேப்புக்குத்தான் விளங்கியது. எஞ்சினும் பற்றரியும் அவன் பிழைப்பு. அதற்குள் பட்டினத்துக்கு லொறி வந்திருந்தது. புதுப் பற்றரி நான்கைக் கசெற் பெட்டியில் போட்டு, கோப்புப் பிரதியைச் சுழலவிட்டான்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொடியன் படபடவென்று கிழமை, திதி, நீர்மட்டம் எல்லாம் ஒப்பித்தான். மூச்சுவிடாமல் தன் சங்கீதப் பரீட்சையையும் சொன்னான். பிறகு கித்தார் கொறித்தது. பிறகு ஒரு சின்னப் பிள்ளை பாடியது.

“பற்றரி செத்துக்கொண்டிருக்கேக்கை பதிஞ்சனாங்கள்,” என்றான் யோசேப்பு. “நாடா மெல்லமாச் சுத்தியிருக்கு. அதே பற்றரியிலை, அதே மெல்லத்திலை போட்டுக் கேட்டம், சரியாக் கேட்டுது. கொழும்பிலை நல்ல மெசினிலை வேகமா ஓடியிருக்கு. ஓடினால் குரல் ஏறும்.”

“வெயிலிலை காயவிட்டனாங்கள்தானே?”

“காய்ஞ்சதை நீங்கள் அட்டமி, நவமி சொல்லியே முடிச்சுப்போட்டியள்.”

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பொடியனை மீண்டும் மீண்டும் பேசவைத்தான். எனக்குக் காது சுட்டது.

லெட்சுமி சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். “பாட்ட மட்டும் இன்னொரு தரம் போடுங்க,” என்றாள். போட்டோம். முடிந்ததும் இன்னொரு தரம்.

“அக்கா கப்பல் ஏறுனப்ப என் கொரல் இப்படித்தாங்க இருந்துச்சு.”

யோசேப்பு பெட்டியை நிறுத்தினான்.

“இப்ப உள்ள கொரல அவ கேட்டதே இல்ல. பெரிய பொம்பள கொரல்ல போட்டா யாரோன்னுதான் நெனைப்பா. இதக் கேட்டா எந்திரிச்சிருவா.” என் பக்கம் திரும்பினாள். “வயசு பதினொண்ணுன்னு போட்டு அனுப்பிருங்கய்யா.”

நேர்மையான நாலு பக்கம்

நான் மறுத்தேன்.

“பொய்ப் பத்திரத்திலை நான் கையெழுத்து வைக்கமாட்டன், லெட்சுமி.”

“பொய்யின்னு யாருக்குங்க தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“ஒங்களுக்கு மட்டுந்தானேங்க.”

என்னிடம் கொள்கை இருந்தது. உண்மையை எழுதி, புதுப் பற்றரியில் மீண்டும் பதிந்து அனுப்பலாம், பெரியவர்கள் பகுதியில் போடுவார்கள் என்று சொன்னேன். போடமாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். உண்மை மட்டும் என்னைத் தடுக்கவில்லை. அந்தக் கசெற் ஒலிபரப்பானால், கிளிநொச்சி முதல் இந்தியாவரை நான் பொடியனாகப் பேசுவேன். என் பெயரும் பரீட்சையும் அதிலே இருந்தன. கந்தோர் முழுக்கக் கேட்கும். ஒரு பெண்ணின் அக்காவுக்கும் என் மானத்துக்கும் நடுவில் நான் மானத்தை எடுத்தேன். அதை நேர்மை என்ற தலைப்பில் பதிந்துகொண்டேன்.

நிலையத்துக்கு நாலு பக்கம் எழுதினேன். பாடியவர் வளர்ந்த பெண் என்றும், அறிவித்தவர் அரசாங்க உத்தியோகத்தர் என்றும், பற்றரி இறங்கினால் நாடாவின் வேகம் எவ்வாறு குறையும் என்றும் விளக்கினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடமும் போட்டேன். நிரப்பாத படிவத்தையும் உள்ளே வைத்து ஒட்டி, பட்டினத்துக்குப் புறப்பட்ட யோசேப்பிடம் கொடுத்தேன். பதிவேட்டில் ‘தபாலில் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினேன். அந்தப் பக்கம்தான் கோப்பில் இருக்கிறது. அதை எழுதும்போது ஜீப் இன்னும் கேற்றைத் தாண்டவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பதில் வரவில்லை.

லெட்சுமி கோபித்ததாகக் காட்டவில்லை. குழம்பில் குறை இல்லை. குசினியில் மட்டும் பாட்டு நின்றுவிட்டது. புதிதாகப் பதிவோமா என்று இரண்டு தரம் கேட்டேன். “தொண்ட சரியில்லைங்க,” என்றாள். சாப்பிடும்போது கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. கோப்புப் பிரதியை ஒருநாள் அவளிடமே கொடுத்தேன். வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

எஞ்சிய டயரித் தாள்கள் மூன்றில் ‘இன்று பாடவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். வேறு எந்த மனுஷன் இதையெல்லாம் எழுதி வைப்பான் என்று என் மனைவி கேட்கிறாள்.

நாலாவது தாள், ஒரு வருஷமோ அதற்குச் சற்று மேலோ கழித்து எழுதியது. திகதி இருந்த மூலை கிழிந்திருக்கிறது. ‘காலை. குசினி. பாடினாள்.’ அதற்குக் கீழே, ‘மத்தியானத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள்.’

அன்று குசினிப் பூட்டின் திறப்பையும் ஒரு சிறு பை செத்தல் மிளகாயையும் மேசையில் வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். “மன்னாருக்குங்க,” என்றாள். அந்த நாட்களில் மன்னாருக்குப் போகிறேன் என்றால் அங்கிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறப்போகிறார்கள் என்று அர்த்தம். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

முள்ளிவாய்க்காலில்

எண்பதுகள் முடியப்போகும் காலம். கந்தோர் ஜீப் இல்லாமற் போய், யோசேப்பு ஊரோடு போய்விட்டான். ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவனைக் கண்டேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். காய்கிற கருவாட்டில் காகம் விழாமல் ஒரு கண்ணும் வைத்திருந்தான்.

லெட்சுமியைப் பற்றி ஏதும் தெரியுமா என்று கேட்டேன்.

“அக்காவிட்டை போய்ச் சேந்திட்டாள்.”

“எந்த அக்கா? விலாசமே இல்லையே.”

யோசேப்பு ஊசியை வலையில் குத்தி வைத்தான். “கிளாக்கர் ஐயா, கோவிக்கக் கூடாது. உங்கட நாலு பக்கத்தை நான் தபாலிலை போடேல்லை. பரந்தனடியிலை ஜீப்பை நிப்பாட்டி உடைச்சுப் பாத்தனான். படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் வைச்சு, அதை மட்டும் அனுப்பினனான். பாதுகாவலர் எண்டு என்ர பேர். விலாசம் இந்த வீடு.”

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.”

“சொன்னால் திருத்தி இன்னொரு கடிதம் போடுவியள்.”

போட்டிருப்பேன்.

அவன் சொன்னபடி, பாட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுவர் நிகழ்ச்சியில், அறிவிப்பும் பெயரும் வயதும் இல்லாமல், போயிருக்கிறது. போகுமோ போகாதோ என்று அவன் லெட்சுமியிடமும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து, வானொலி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து விலாசம் மாற்றி அனுப்பப்பட்ட ஒரு கடிதம் யோசேப்பின் வீட்டுக்கு வந்தது. நீலகிரிப் பக்கத்திலிருந்து, ‘பாட்டுப் பாடிய பிள்ளைக்கு’ என்று எழுதியது. கடிதத்தை அவன் லெட்சுமியின் கையில் கொடுத்த மறுநாள்தான் குசினியில் பாட்டுக் கேட்டிருக்கிறது.

“அக்கா என்ன எழுதியிருந்தவா?”

“நீ என்ர தங்கச்சியின்ர மகளோ எண்டு கேட்டிருந்தவா. உங்கட அம்மா இன்னும் நித்திரை கொள்ளுறேல்லையோ எண்டும் கேட்டிருந்தவா.”

நான் கருவாட்டில் இறங்கிய காகத்தை விரட்டினேன். பிறகு என் புத்தி திரும்பி வந்தது. “முத்திரையிலை என்ன திகதி?”

“பாத்தீங்களோ,” என்றான் யோசேப்பு வலையைப் பார்த்து. “இதுக்குத்தான் சொல்லேல்லை.”

“கடிதம் உன்னட்டை இருக்கோ?”

“அவள் கொண்டு போட்டாள்.”

“படிவத்திலை வேறை என்ன எழுதினாய்?”

“அறிவிப்புச் செய்த பொடியன்ரை வயது கேட்டிருந்தவை.” ஊசியை எடுத்து வலையைக் குனிந்து பொத்தத் தொடங்கினான். “பன்னிரண்டு போட்டனான். உங்கட கதையைக் கேக்க அதுக்கு மேலை வயது மதிக்கேலாது.”

இவ்வளவும் யோசேப்பு ஒருவனின் வாய்மொழி. ஆனையிறவு உப்பளத்தில் ஒரு நாரை தன் கைக்கடிகாரத்தை விழுங்கியது என்றும், மூன்று நாள் அதன் வயிற்றுக்குள் டிக்டிக் கேட்டது என்றும் சத்தியம் பண்ணியவன் அவன். மனம் நோகாமல் இருக்க எனக்கு ஒரு கதை சொல்லியிருக்கவும் கூடும். பாக்கியத்தின் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஒலிபரப்பை நான் கேட்கவில்லை. துணுக்காயில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார். விசாரித்ததில் அவர் கேட்டது வேறு பாட்டு. லெட்சுமியிடமிருந்து எனக்கு ஒரு வரியும் வந்ததில்லை. வரவேண்டிய நியாயமும் இல்லை.

என் பக்கத்தில் இருப்பது பதிவேட்டின் அந்த ஒரு வரி: ‘தபாலில் சேர்க்கப்பட்டது.’ யோசேப்பின் பக்கத்தில் இருப்பது ஒரு டயரித் தாள்: ‘காலை. குசினி. பாடினாள்.’ இரண்டும் என் கையெழுத்து. யோசேப்பு சொன்னது உண்மையென்றால் பதிவேட்டு வரி பிழை. நான் எழுதிய ஒன்று பிழையாகப் போகட்டும் என்று வேறெப்போதும் நான் ஆசைப்பட்டதில்லை.

அந்தப் படிவம் எங்காவது ஓர் அலுமாரியில் இன்னும் இருந்தால், அதிலே எனக்கு வயது பன்னிரண்டு. திருத்தும்படி நான் கேட்கப்போவதில்லை.

பாட்டு ஒலிபரப்பானதா, பாக்கியம் அதைக் கேட்டாளா என்பன இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.